இரண்டு ஸ்லிங்கிலும் 22 என்றுதான் எழுதியிருக்கிறது

மேசை மேல் இரண்டு ஸ்லிங்குகள் கிடக்கின்றன; பாறை ஏறுபவர்கள் தங்களையும் கயிற்றையும் பாறையோடு இணைக்கும் நாடா வளையங்கள். இரண்டும் 60 செ.மீ. நீளம். ஒன்று கட்டைவிரல் அகலத்துக்குப் பட்டையாக இருக்கிறது. தொட்டால் பருத்தி நாடா மாதிரி மெத்தென்று இருக்கிறது. இன்னொன்று ஷூ லேஸைவிடக் கொஞ்சம்தான் அகலம். நடுவில் வெள்ளை நூல், ஓரத்தில் மட்டும் நிறம், விரலால் தடவினால் மெழுகு பூசியது போல வழுக்குகிறது. முதலாவது நைலான், இரண்டாவது டைனீமா. இரண்டிலும் தைத்திருக்கும் சிறு சீட்டில் ஒரே எண்தான்: 22 கிலோநியூட்டன். ஏறக்குறைய 2,240 கிலோ தொங்கினாலும் தாங்கும் என்று அர்த்தம். எடையோ இரண்டாவதில் கிட்டத்தட்ட பாதி. அப்புறம் என்ன யோசனை, ஒல்லியானதையே வாங்கிவிடலாமே?

நானும் அப்படி நினைத்து, ஹார்னஸில் (ஏறுபவர் இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) தொங்கிய நைலான் பட்டைகளையெல்லாம் ஒரே நாளில் கழற்றிவிட்டு ஒல்லி ஸ்லிங்குகளாக மாற்றியவன்தான். சில மாதங்களில் பாதியைத் திரும்ப நைலானுக்கே மாற்றினேன். அறுந்து போனதாலோ விபத்து நடந்ததாலோ அல்ல. அந்த 22 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததால்தான். அந்தக் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். இழைகளின் குணம் அதற்குப் பிறகு தானாகப் புரியும்.

சீட்டில் இல்லாத எண்

சோதனைக்கூடத்தில் ஸ்லிங்கை இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி, இயந்திரம் மெதுவாக இழுக்கும். அறுகிற நேரத்தில் எவ்வளவு விசை இருந்ததோ அதுதான் அளவு. ஐரோப்பிய விதி ஈஎன் 566 ஸ்லிங்குக்குக் கேட்பது 22 கிலோநியூட்டன். இது மெதுவாக இழுப்பதற்கான பதில். ஆனால் பாறையில் நம்மை யாரும் மெதுவாக இழுப்பதில்லை, நாம் விழுகிறோம். விழுகிற உடம்பு கொண்டுவருவது ஆற்றல். அந்த ஆற்றலை எதுவோ ஒன்று வாங்கிக்கொண்டாக வேண்டும்.

80 கிலோ ஆள் ஒருவர் 60 செ.மீ. ஸ்லிங்கால் ஆங்கரில், அதாவது பாறையில் அமைத்த பிடிமானத்தில், மாட்டிக்கொண்டு, ஆங்கருக்கு மேலே ஏறி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் வழுக்கினால் 60 செ.மீ. மேலிருந்து 60 செ.மீ. கீழே வரை, மொத்தம் 1.2 மீட்டர் விழுவார். ஆற்றல் சுமார் 940 ஜூல்.

நைலான் இழை அறுவதற்கு முன் 20 விழுக்காடு அளவுக்கு நீளும். 60 செ.மீ. ஸ்லிங் என்றால் 12 செ.மீ. விசை பூஜ்ஜியத்திலிருந்து 22 வரை சீராக ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டால், அது விழுங்கக்கூடிய ஆற்றல் 1,320 ஜூல். விழுந்தவரின் 940 இதற்குள் அடங்கிவிடுகிறது. டைனீமா நீள்வது மூன்றரை விழுக்காடு அளவுதான். 2.1 செ.மீ. அதே கணக்கில் 230 ஜூல். வந்திருப்பது 940.

இது வெறும் இழையின் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் நெசவு கொஞ்சம் இறுகும், ஹார்னஸ் இழுபடும், உடம்பே கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும். அதனால் உயரம் குறைந்த விழுகையை முடிச்சில்லாத டைனீமா ஸ்லிங் தாங்கிவிடுவதும் உண்டு. ஆனால் அதே ஸ்லிங்கில் நடுவே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், ஆங்கர் மட்டத்திலிருந்து விழுந்த 80 கிலோ எடைக்கே அறுந்துபோனதைத் தயாரிப்பாளர்களே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரே 22, ஆனால் விழுகையை விழுங்கும் திறனில் ஆறு மடங்கு வித்தியாசம்.

நைலான் ரசிகர்கள் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த 940 ஜூலை நைலான் ஸ்லிங் விழுங்கும்போது விசை 18 கிலோநியூட்டனைத் தாண்டுகிறது. மனித உடம்பு தாங்கும் உச்சம் என்று ஏறும் கயிற்றின் விதிகள் வைத்திருக்கும் எல்லை 12. ஸ்லிங் அறாது, முதுகெலும்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே எந்த இழையாக இருந்தாலும் சரி, ஸ்லிங்கில் மாட்டிக்கொண்டு ஆங்கருக்கு மேலே ஏறக் கூடாது.

ஆனால் நடுவில் நீளும் கயிறு ஒன்று இருந்துவிட்டால் கதையே வேறு. ஏறுபவர் கயிற்றில் விழுகிறார், கயிறு பல மீட்டர் நீளத்துக்கு இழுபட்டு ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. பாறையிலிருந்து கயிறு வரை இடையில் இருக்கும் ஸ்லிங் நைலானா டைனீமாவா என்பது அப்போது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணி இளகிக் கொடுத்தால் போதும். எந்த இடத்தில் எந்த இழை என்று நான் முடிவெடுப்பது இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான்: இங்கே ஆள் விழுந்தால், இளகிக் கொடுக்கப் போவது எது?

நைலான்: இளகுவதே அதன் வேலை

நைலான் வருவதற்கு முன் மலையேறிகள் கட்டிக்கொண்டது மணிலா சணல் போன்ற செடிநார்க் கயிறு. அது நனைந்தால் விறைக்கும், உள்ளே மக்கும், பெரிய விழுகையில் அறும். 1935இல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலான் 66ஐ உருவாக்கியது. மூன்று ஆண்டு கழித்து ஜெர்மனியில் பவுல் ஷ்லாக் நைலான் 6ஐ உருவாக்கினார். போர்க்காலத்தில் படைகளுக்குப் போன நைலான் கயிறு, போர் முடிந்ததும் மலைக்கு வந்தது. 1953இல் எடெல்ரிட் நிறுவனம் உள்ளே இழைக்கற்றை, வெளியே பின்னிய உறை என்ற கெர்ன்மேன்டல் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைக்கு நாம் கையில் பிடிக்கும் கயிறு அதன் வாரிசுதான்.

டைனமிக் கயிற்றின், அதாவது விழுகையைத் தாங்க நீளும் ஏறும் கயிற்றின், நீட்சி இழையில் மட்டும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் இழைகளை முறுக்கி, நீராவிச் சூட்டில் சுருங்க வைக்கிறார்கள். சுருங்கிய இழை ஸ்பிரிங் போல ஆகிவிடுகிறது. பாதி இழைகளை வலமாகவும் பாதியை இடமாகவும் முறுக்குவார்கள்; இல்லாவிட்டால் சுமை ஏறும்போது கயிறு சுழலும், தொங்கும் ஆளும் பம்பரமாவார். இப்படிச் சூட்டில் சுருங்கி மீளும் குணம் நைலானுக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. இழையின் நீட்சியும் முறுக்கின் நீட்சியும் சேர்ந்ததால்தான் ஈஎன் 892 சோதனையில் 80 கிலோ எடையை, கயிற்றின் நீளத்தைப் போல ஏறக்குறைய 1.77 மடங்கு உயரம் விழவிட்டும், முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டாமல் நிற்கிறது. அப்படி ஐந்து விழுகையாவது தாங்கினால்தான் அது ஒற்றைக் கயிறாக (தனியாகவே பயன்படுத்தும் வகை) விற்பனைக்கு வர முடியும்.

அதனால் ஏறும் கயிற்றைப் பொறுத்தவரை ஒப்பீட்டுக்கே இடமில்லை. உள்கரு நைலான்தான். 6ஆ 66ஆ என்று கேட்டால், 6 கொஞ்சம் அதிகம் இளகும், 66 கொஞ்சம் அதிகச் சூடு தாங்கும். அதை வைத்து யாரும் கயிறு வாங்குவதாக எனக்குத் தெரியவில்லை.

நைலானின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். முதலில் தண்ணீர். நைலான் ஈரத்தை உறிஞ்சும். நனைந்த இழையின் வலு பத்து, பதினைந்து விழுக்காடு குறையும். நனைந்த டைனமிக் கயிறு தாங்கும் விழுகைகளின் எண்ணிக்கையோ இதைவிட மோசமாகச் சரியும். கூடவே கனக்கும், குளிரில் கம்பி போல உறையும். பனியில் ஏறுபவர்கள் நீர்விலக்கிப் பூச்சுள்ள கயிற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதனால்தான். யுஐஏஏ என்ற சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் நீர்விலக்கிச் சோதனையில் தேறிய கயிறு, எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் எடுக்கக் கூடாது.

அடுத்து அமிலம். நைலானுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கார் டிக்கியில் கயிற்றுப் பையை பேட்டரி பக்கத்தில் போட்டுவைத்தால், கசிந்த அமிலத்தின் ஆவிகூடப் போதும். கயிற்றின் மேல் கறைகூடத் தெரியாமல் இருக்கலாம், உள்ளே இழை பொடிந்திருக்கும். அந்தச் சந்தேகம் வந்த கயிற்றைச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. வெட்டிப் போடுவதுதான் வழி.

மூன்றாவது சூடு. நைலான் 6 உருகுவது 220 டிகிரி செல்சியஸில், 66 உருகுவது 260 அளவில். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் ஓடும் நைலான் கயிறு அசையாமல் நிற்கும் நைலான் நாடாவின் ஒரே இடத்தில் உரசினால், சில நொடிகளில் நாடா உருகி அறுந்துவிடும். ஆங்கர் ஸ்லிங்குக்குள் நேராகக் கயிற்றை நுழைத்து ஆளை இறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். நடுவில் ஒரு காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) போட்டுவிட்டால் தீர்ந்தது.

டைனீமா: பலசாலி, ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாதவன்

டைனீமாவும் ஸ்பெக்ட்ராவும் ஒரே இழைக்கு இரண்டு விற்பனைப் பெயர்கள். நெதர்லாந்தில் டிஎஸ்எம் நிறுவனம் உருவாக்கியது ஒன்று, அமெரிக்காவில் வந்தது இன்னொன்று. பொருள் என்னவென்று பார்த்தால் பாலிஎத்திலீன், அதாவது சாதாரணப் பிளாஸ்டிக் பையின் அதே வேதிப்பொருள். வித்தியாசம் மூலக்கூறு சங்கிலியின் நீளத்திலும், அது கிடக்கும் விதத்திலும் இருக்கிறது. பையில் அது குட்டையாக, தூங்கி எழுந்த தலைமுடி போலச் சிக்கிக் கிடக்கிறது. இழையில் மிக நீண்ட சங்கிலிகளைக் கரைத்துக் கூழாக்கி, இழுத்து, சீப்பால் வாரியது போல ஒரே திசையில் படுக்க வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரே எடைக்கு நைலானைப் போல நாலு மடங்கு வலு. அதனால்தான் நீள்வதற்கு உள்ளே எதுவும் மிச்சமும் இல்லை. ஏற்கெனவே எல்லாம் நீட்டியாகிவிட்டது.

நன்மைகள் நிறைய. தண்ணீரை உறிஞ்சாது, அடர்த்தி 0.97 என்பதால் மிதக்கும், பனியில் விறைக்காது. அமிலம், காரம் எதற்கும் அசையாது. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். கூர்மையான கல்லில் உரசினாலும் அதே தடிமன் நைலானைவிட அதிக நேரம் நிற்கும். நிறம் மட்டும் ஏறாது. அதனால்தான் இந்த ஸ்லிங்குகளில் நடுவே வெள்ளையும், ஓரத்தில் நிறமேற்றிய நைலான் நூலும். வெள்ளை எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று பார்த்தாலே கலவை என்னவென்று ஓரளவு ஊகிக்கலாம்.

தொல்லைகள் இரண்டு. ஒன்று வழுக்கல். டைனீமா நாடாவில் சாதாரண முடிச்சுப் போட்டு வளையமாக்க முடியாது, உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் டைனீமா ஸ்லிங்குகள் தைத்தே வருகின்றன. டைனீமா உள்கரு உள்ள கார்டை (மெல்லிய துணைக் கயிறு) முடிய வேண்டுமென்றால் இரட்டை மீனவர் முடிச்சு போதாது, மூன்று சுற்று வேண்டும். இத்தனை வழுக்கினாலும், சுமை ஏறி இறுகிய பிறகு அவிழ்ப்பது இருக்கிறதே, அது தனி வேதனை. ஆங்கரில் ஒல்லி ஸ்லிங்கில் போட்ட ஒரு முடிச்சை, நாள் முழுக்கத் தொங்கியதற்குப் பிறகு, நான் பல்லால் கடித்து, கல்லால் தட்டி, கடைசியில் வீட்டுக்கு எடுத்துவந்து ஊசியால் குத்தி நெகிழ்த்தியிருக்கிறேன். நைலான் பட்டையில் அதே முடிச்சு இரண்டு கையால் தள்ளினாலே இளகும்.

முடிச்சு வலுவையும் தின்கிறது. எந்த இழையிலும் தின்னும்தான். டைனீமாவில் பாதியோ அதற்கு மேலோ போய்விடுகிறது. ஏனென்றால் முடிச்சுக்குள் இழைகள் சமமாகச் சுமை பகிர வேண்டுமென்றால் அதிகம் சுமக்கும் இழை கொஞ்சம் நீண்டு, பக்கத்து இழைக்குச் சுமையை விட்டுத்தர வேண்டும். நீளத் தெரியாத இழை விட்டுத்தராது. வெளிவளைவில் இருப்பது முதலில் அறும், அப்புறம் அடுத்தது.

இரண்டாவது தொல்லை சூடு. உருகுநிலை 145 டிகிரி அளவில். நைலானைவிட 75 டிகிரி குறைவு. உரசலால் பிடித்து நிற்கும் எந்த வேலைக்கும் இந்த இழையை நம்ப எனக்கு மனம் வருவதில்லை. ஏறும் கயிற்றைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் பிரூசிக் முடிச்சு சறுக்கத் தொடங்கினால் சூடாகும். சூடானால் உருகும். அதுவும் ஏற்கெனவே வழுக்கும் இழை வேறு. அவசரத்துக்கு ஒல்லி ஸ்லிங்கைக் கயிற்றில் பல சுற்றுச் சுற்றி ஏறியவர்கள் உண்டு. அவசரத்துக்கு மட்டும்தான் அது.

அராமிட்: சூடு தாங்கும், மடிப்புத் தாங்காது

1965இல் டூபான்டில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த கெவ்லார், பின்னால் ஜப்பானின் டெய்ஜின் கொண்டுவந்த டெக்னோரா, இவையெல்லாம் அராமிட் குடும்பம். கார்டை வெட்டினால் உள்ளே தங்க நிறத்தில் சோளப்பட்டு போல இழை பிதுங்கும். சாதாரணக் கத்தரிக்கோல் அதை வெட்டாமல் மென்றுகொண்டே இருக்கும். முனையைத் தீயில் காட்டினால் நைலான் உறை உருகிச் சுருளும். உள்ளே இருக்கும் அராமிட் உருகவே உருகாது, கொஞ்ச நேரம் காட்டினால் கருகும், அவ்வளவுதான். அதனால் முனையை உருக்கி அடைப்பதற்கு உறையை மட்டும் நம்பியிருக்க வேண்டியிருக்கும்.

உருகாத இந்தக் குணம்தான் இதன் பெரிய சொத்து. பிரூசிக் வகை முடிச்சுகளுக்கு அராமிட் கலந்த கார்டுகள் வந்தது இதற்காகத்தான். நைலானைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வலு. நீட்சி டைனீமாவைப் போலவே குறைவு.

ஆனால் இந்த மூலக்கூறுகள் குச்சி மாதிரி விறைப்பானவை. இழுத்தால் பிரமாதம், அமுக்கினால் நொறுங்கும். கார்டை மடிக்கும்போது வளைவின் உட்பக்கம் இழை அமுங்குகிறது, அங்கே நுண்ணிய மடிப்பு விழுகிறது. ஒரு குச்சியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முடிச்சுப் போட்டு அவிழ்த்த அராமிட் கார்டின் உள்கரு, உறைக்கு வெளியே எதுவும் தெரியாமலேயே வலுவிழந்திருக்கும். டெக்னோரா கெவ்லாரைவிட இதில் தேவலை, ஆனால் விதிவிலக்கல்ல. வெயிலும் இதற்கு ஆகாது. உறை கிழிந்து தங்க நிறம் எட்டிப்பார்த்தால், அந்தக் கார்டுக்கு அன்றோடு வேலை முடிந்தது.

அராமிட் இன்றைக்கு உண்மையாகவே புதிதாக எதையாவது செய்கிறது என்றால், அது கயிற்றின் உறையில்தான். எடெல்ரிட், மம்மூட் போன்ற நிறுவனங்கள் நைலான் உள்கருவை வைத்துக்கொண்டே, உறையின் நைலானோடோ அதற்கு உள்ளேயோ அராமிட் இழையைச் சேர்த்து விற்கின்றன. இளகும் வேலையை நைலான் பார்த்துக்கொள்கிறது, கூரான விளிம்பை அராமிட் பார்த்துக்கொள்கிறது. கயிறு அறுந்த விபத்துகள் என்று எடுத்துப் பார்த்தால், சுமை தாங்காமல் அறுந்தவை அரிது. விளிம்பில் வெட்டுப்பட்டதும் அமிலத்தால் கெட்டதும்தான் முன்னால் நிற்கின்றன. எனவே கூரான பாறையில் ஏறுபவருக்கு இந்தக் கூடுதல் விலை வீண் இல்லை என்பது என் எண்ணம். உள்ளரங்குச் சுவரில் மட்டும் ஏறுபவருக்குத் தேவையே இல்லை.

பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன்

பாலியெஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நனைந்தாலும் வலு அப்படியே இருக்கும். உருகுநிலை 250க்கு மேல். நைலானுக்கு அமிலம் எப்படியோ, அப்படி இதற்குக் கடும் காரம். நீட்சி நைலானைவிடக் குறைவு என்பதால் ஏறும் கயிற்றுக்கு ஆகாது. ஆனால் கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஏறுவதற்கும் இறங்குவதற்கும், குகைக்கும் நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்குக்கும், மீட்புப் பணிக்கும் அதுவே நல்லது. நீளும் கயிற்றில் ஏறுவது குதிக்கும் கட்டிலில் நடப்பது மாதிரி. அதைவிட, ஒவ்வொரு குதிப்பிலும் மேலே விளிம்பில் கயிறு ரம்பம் போல உரசும். இந்த வகைக் கயிறுகளின் விதி ஈஎன் 1891. ஏ வகைக்கு 22 கிலோநியூட்டன் வலு, 5 விழுக்காட்டுக்கு மேல் போகாத நீட்சி, இழையின் உருகுநிலை 195 டிகிரிக்கு மேல் என்று அது கேட்கிறது. கடைசி நிபந்தனை டைனீமாவையும் பாலிப்ரொப்பிலீனையும் ஒரே அடியில் வெளியே நிறுத்திவிடுகிறது.

பாலிப்ரொப்பிலீன் பற்றி இரண்டே வரி. மிதக்கும், அதனால் ஆற்றில் விழுந்தவருக்கு வீசும் கயிறுக்கு ஏற்றது. 165 டிகிரியில் உருகும், வெயிலில் பொடியும், அதனால் ஆள் தொங்கும் எந்த வேலைக்கும் கூடாது.

எதற்கு எதை எடுப்பேன்

வழியில் பாதுகாப்புப் புள்ளிகளிலிருந்து கயிறுவரை நீட்டும் ஸ்லிங்குகள் எல்லாம் எனக்கு ஒல்லி டைனீமாதான். முடிச்சுப் போடுவதில்லை, ஏறும் கயிறு நடுவில் இருக்கிறது, எட்டு பத்து ஸ்லிங் சுமக்கும்போது எடை வித்தியாசம் இடுப்பில் தெரியும். ஒரு விஷயம் மட்டும்: ஒல்லியான பட்டையில் தேய்மானம் சீக்கிரம் உள்ளே இறங்கும். 18 மி.மீ. நைலானில் ஓரத்தில் இரண்டு மி.மீ. பிய்ந்தால் கவலை, 8 மி.மீ. டைனீமாவில் அதே இரண்டு மி.மீ. என்றால் கால்வாசி போச்சு.

ஆங்கர் கட்ட டைனீமாவில் முடிச்சுப் போடலாமா என்பது தீராத சண்டை. ஆங்கரோடு கயிற்றால் கட்டிக்கொண்டு நிற்கும்வரை போடலாம், போடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. எனக்கு 7 மி.மீ. நைலான் கார்டுதான் பிடிக்கும். ஈஎன் 564 விதிப்படி அது குறைந்தது 9.8 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், ஆங்கரில் எப்படியும் பல மடிப்பாகப் போகும். கனம் கொஞ்சம் கூடுதல். ஆனால் இருட்டில், குளிரில், கையுறையோடு அவிழ்கிறது. ஐந்தரை மி.மீ. டைனீமா, டெக்னோரா கார்டுகளில் 13 முதல் 20 கிலோநியூட்டன் வரை எண் போட்டிருப்பார்கள். பல நாள் ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமையும் எண்ணுபவர்களுக்கு அது சரி. டெக்னோராவாக இருந்தால் எத்தனை நாள் மடித்து முடிந்தோம் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும்.

ஆங்கரில் தன்னை மாட்டிக்கொள்ள எந்த இழை ஸ்லிங் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஏற்கெனவே இடுப்பில் கட்டியிருக்கும் கயிறு. அதிலேயே ஒரு கிளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்டால், உலகத்திலேயே நன்றாக இளகும் இழை கையில் இருக்கிறது, தனியாக எதையும் சுமக்க வேண்டாம், நீளத்தையும் விருப்பம் போல மாற்றலாம். ரேப்பல் முறையில் கயிறு வழியாகவே இறங்கும்போது, கட்டிக்கொள்ளக் கயிறு கிடைக்காது. அப்போது டைனமிக் கயிற்றுத் துண்டில் செய்த லேன்யார்டு (தன்னை மாட்டிக்கொள்ளும் குட்டைக் கயிறு). அது இல்லாவிட்டால் நைலான் ஸ்லிங். அதுவும் இல்லாமல் முடிச்சுப் போட்ட டைனீமாதான் இருக்கிறது என்றால், தளர்ச்சி இல்லாமல் எடையை ஸ்லிங்கிலேயே வைத்துத் தொங்க வேண்டும்.

பிரூசிக்குக்கு 6 மி.மீ. நைலான் கார்டு. மெத்தென்று இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் கார்டை இரு விரலால் கிள்ளி மடித்துப் பாருங்கள். மடிந்த இடத்தில் பெரிய ஓட்டை தெரிந்தால் அது விறைப்பானது, கயிற்றைக் கவ்வாது. ஏறும் கயிறு 9 மி.மீட்டருக்குக் கீழே என்றால் 5 மி.மீ. கார்டு இன்னும் நன்றாகக் கவ்வும். ஈஎன் 564இல் அதன் குறைந்தபட்சம் 5 கிலோநியூட்டன். வளையமாகப் போடுவதால் போதும்.

பனியாற்றில் நடக்க டைனீமா உள்கருவும் நைலான் உறையும் கொண்ட 6 மி.மீ. கயிறுகள் வந்திருக்கின்றன. பெட்ஸல் நிறுவனத்தின் ராட் லைன் அப்படிப்பட்டது. கனமே இல்லை, தண்ணீர் குடிக்காது, பிளவில் விழுந்தவரைத் தூக்கும்போது நீளாது. பனியில் நிற்பவர் கொஞ்சம் சறுக்கித்தான் பிடிப்பார், கயிறு பனி விளிம்பை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். இளகும் வேலையை அங்கே பனி பார்த்துக்கொள்கிறது. அதே கயிற்றை எடுத்துக்கொண்டு பாறையில் முன்னேறி ஏறினால், இளகுவதற்கு எதுவுமே இல்லை. 6 மி.மீ. கயிறு எல்லாக் கருவியிலும் பிடிக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடைசியாக, விட்டுவிட்டு வர வேண்டிய துண்டு. இறங்கும் வழியில் மரத்திலோ பாறைக் கொம்பிலோ யாரோ கட்டிவிட்டுப் போன பழைய நாடாக்கள் கொத்தாகத் தொங்கும். நிறம் வெளுத்திருக்கும், சீட்டு பிய்ந்திருக்கும், மடக்கினால் மொரமொரவென்று இருக்கும். என்ன இழை, எத்தனை ஆண்டு வெயில் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு நாடா சேர்ந்து கிடப்பதால் நம்பிக்கையும் நான்கு மடங்கு ஆகாது. இதற்காகவே 7 மி.மீ. நைலான் கார்டு ஐந்தாறு மீட்டர் பையின் அடியில் கிடக்கும். விலை குறைவு, சாதாரணக் கத்தியால் வெட்டலாம், இரட்டை மீனவர் முடிச்சு நிற்கும், மீண்டும் எடுக்க முடியாதே என்று மனம் அடித்துக்கொள்ளாது. வளையத்தில் ஒரு பழைய காரபினரையோ இரும்பு வளையத்தையோ போட்டு, கயிற்றை அதன் வழியாக விட்டு இறங்குகிறேன். கீழே வந்து கயிற்றை உருவும்போது உரசுவது உலோகத்தில்தான். கார்டு மேலே அப்படியே இருக்கும், அடுத்து வருபவர் அதைச் சந்தேகப்பட்டு வெட்டும்வரை.